துத்தநாகம் குறைவு

மண்ணு மேடத்தின் அக்கா வீட்டுக்காரர் தன் உரக்கடை வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார். ‘பயிர் டாக்டர்’ என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே, ‘எல்லா நோய்க்கும் ஒரே தெளிப்பு’. அந்தப் பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மண்ணு மேடத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனிதருக்கு யார் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருத்தராவது கேட்டிருப்பார்களா? கேட்கிற ஜனமாக இருந்தால் கடையை என்றைக்கோ இழுத்து மூடியிருப்பார். அவருடைய வைத்தியம் மொத்தமும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். இலை மஞ்சளானால் யூரியா. யூரியா போட்டும் மஞ்சள் போகவில்லையா, இன்னும் கொஞ்சம் யூரியா. இலையில் புள்ளி விழுந்தால் பூஞ்சைக்கொல்லி. எதற்கும் மசியவில்லை என்றால், “உங்க மண்ணு ராசி அப்படி” என்று கையை விரித்துவிடுவார். ஊரும் தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

மண்ணு மேடம் என்பதும் அந்த ஊர் வைத்த பெயர்தான். மண் பரிசோதனை நிலையத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அங்கே வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே மனிதர்கள் மேல் அவளுக்கு இருந்த மரியாதை தேய்ந்துபோயிருந்தது. வயல் மண் கொண்டுவாருங்கள் என்றால் ஒருவர் மாட்டுக்கொட்டகை ஓரத்து மண்ணை அள்ளிக்கொண்டு வருவார். இன்னொருவர் உரம் வந்த பையிலேயே மண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, “சத்து நிறைய இருக்கான்னு பாருங்க மேடம்” என்பார். இருக்காமல் என்ன செய்யும்? அவளுடைய மேலதிகாரியோ, நீட்டிய தாளில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர். ஒருமுறை தேநீர்க்கடைச் சீட்டில் ‘பரிசோதித்து ஒப்புதல் அளிக்கப்பட்டது’ என்று முத்திரையோடு போட்டுக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கூட்டத்துக்காக அவள் செய்கிற ஒரே நல்ல காரியம் சிவப்பு மையில் எழுதுவது. அச்சடித்த அறிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு தாளையும் பின்பக்கம் திருப்பி, கொட்டை எழுத்தில் இரண்டு வரி எழுதுவாள். எதைப் போட வேண்டும், எதை எதோடு கலக்கக் கூடாது, எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும். எழுதும்போது வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் எழுதுவாள். ஆனால் எழுதாமல் ஒரு தாளும் அந்த மேசையைத் தாண்டிப் போனதில்லை.

அக்கா வந்தது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். கையில் துணிப்பை, பைக்குள் மண், தனியாக ஈரத்துணியில் சுற்றிய நான்கு நெற்பயிர்கள். வயலில் ஒன்பது இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, தேதி எழுதிக் கட்டிய மண். பதினெட்டு வருடத்தில் இப்படி ஒழுங்காகக் கொண்டுவந்தவர்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். அதை அவள் கவனித்தாள். ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா எப்போதும் சொன்னதைச் செய்கிறவள்தானே.

“நட்டு மூணு வாரம் ஆச்சு. பயிர் எழும்பவே மாட்டேங்குது. அங்கங்க திட்டுத்திட்டா குள்ளமா நிக்குது” என்றாள் அக்கா. “உங்க மாமா துரு நோய்ங்கறார். ரெண்டு தடவை மருந்தடிச்சாச்சு.”

மண்ணு மேடம் ஒரு பயிரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடி இலைகளில் துருப்பிடித்த தகரம் மாதிரி பழுப்புப் புள்ளிகள். நடு நரம்பின் அடிப்பக்கம் வெளுத்திருந்தது. பரிசோதனை செய்யாமலே சொல்லிவிடலாம்.

“இது நோயே இல்லக்கா. சத்துக் குறைவு. ஜிங்க் இல்ல. பசியில இருக்கறவனுக்கு ஜுர மாத்திரை குடுத்திருக்கார் உன் டாக்டர்.”

அக்கா சிரிக்கவில்லை. “சரியாயிடுமா?”

“சீக்கிரம் குடுத்தா சரியாயிடும். விட்டா பாதி பதரா நிக்கும். விளையற அரிசியிலயும் வாசனை இருக்காது. ஆலையில அரைச்சா நொய்யாப் போகும்.”

“வாசனை இருக்கணும்டி” என்றாள் அக்கா.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று மண்ணு மேடத்துக்குத் தெரியும். வாசனை அரிசியைப் பட்டியலில் உள்ளவர்களிடம் மட்டும்தான் ஆலை வாங்கும். தொடர்ந்து இரண்டு பருவம் தரப் பரிசோதனையில் தோற்றால் பெயரை அடித்துவிடுவார்கள். போன பருவம் அக்கா ஒரு தடவை தோற்றாயிற்று. அந்த வயல் அப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல வேறு ஒன்றும் கிடையாது. சாலையை ஒட்டிய வயல். அதில் குடோன் கட்டி உரமூட்டை அடுக்க வேண்டும் என்று டாக்டர் ஆறு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

“போன தடவை தோத்தப்போ அவர் ரொம்பப் பேசிட்டார். எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா குடோனே கட்டிக்கோங்கன்னு சொல்லிட்டேன்” என்றாள் அக்கா. “சபையில வெச்சுச் சொல்லிட்டேன். இனி மாத்த முடியாது.”

“ஏன்க்கா வாயை விட்டே?”

“நம்ம பயிர் தோக்காதுன்னுதான்.”

முடிவு வந்தது சனிக்கிழமை. மண்ணில் துத்தநாகம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அச்சடித்த தாள் திங்கட்கிழமைதான் கைக்குக் கிடைக்கும் என்றாலும், ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு என்பதால் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதுதான் வினை.

கூடத்தில் டாக்டரின் தம்பி குடும்பம், கடைக்கு மூட்டை இறக்குகிற லாரிக்காரர், அவர் மனைவி என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. கேட்க ஆள் இருந்தால் டாக்டருக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

“மாமா, அக்கா வயல்ல துத்தநாகம் குறைஞ்சிருக்கு” என்றாள்.

“நாகமா?” டாக்டர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “என்னம்மா சொல்றே? நம்ம வயல்ல பாம்பு குறைஞ்சுபோச்சா? அடக் கடவுளே! ரெண்டு பாம்பு பிடிச்சு விட்டாச் சரியாயிடுமா, இல்ல பரம்பரை பரம்பரையா விடணுமா?”

கூடம் அதிர்ந்தது. லாரிக்காரர் புரையேறுகிற வரைக்கும் சிரித்தார். அந்த ஆள் லாரி கவிழ்ந்த கதைக்கும் இப்படித்தான் சிரிப்பார். டாக்டர் விடவில்லை. கையைப் படம் மாதிரி விரித்து, உஸ் என்று சீறிக்கொண்டே தம்பி பெண்டாட்டியின் தட்டுப் பக்கம் கொண்டுபோனார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு பாம்பு எண்ணுகிறாள் என் மச்சினி என்றார். எரிச்சலில் மண்ணு மேடத்தின் காது சூடாகிவிட்டது. அக்காவைப் பார்த்தாள். அக்கா தண்ணீர் எடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அதுதான் அதிகம் சுட்டது.

“சரி சரி, கோவிச்சுக்காதே” என்று டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஜிங்க்குதானே? கடையில கிடக்கு. நம்ம கூட்டு மருந்து இருக்கே, அதுலயே கலந்து அடிச்சுட்டாப் போச்சு. ஒரே தெளிப்பு, ஒரே கூலி.”

அவள் நிமிர்ந்தாள். டாக்டரின் கூட்டு மருந்து என்னவென்று அவளுக்குத் தெரியும். டி.ஏ.பி. உரத்தை ராத்திரி முழுக்க ஊறவைத்து இறுத்த தண்ணீர்தான் அதற்கு அடிப்படை. அதில் துத்தநாக சல்பேட்டைப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, எலுமிச்சை பிழிந்த பால் மாதிரித் திரிந்துவிடும். திரிந்தபின் அதில் பயிருக்கு உதவுகிற துத்தநாகம் ஒரு சிட்டிகைகூட மிஞ்சாது. பதினெட்டு வருடமாகச் சிவப்பு மையில் அவள் அதிகம் எழுதிய வரி அதுதான்: டி.ஏ.பி.யோடு கலக்காதே.

சொல்லத்தான் வாயெடுத்தாள். டாக்டர் இன்னொரு முறை உஸ் என்றார். வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அச்சடித்த தாள் மேசைக்கு வந்தது. ‘துத்தநாகம் குறைவு. துத்தநாக சல்பேட் லிட்டருக்கு ஐந்து கிராம் வீதம் தெளிக்கவும்.’ அவ்வளவுதான். தாளைப் பின்பக்கம் திருப்பினாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். என்ன எழுதினாலும் அந்த மனுஷன் கடை வாசலில் நின்று நாலு பேருக்குப் படித்துக் காட்டிச் சிரிக்கத்தான் போகிறார். கழுதையிடம் எதற்கு எழுத்து? கலக்கட்டும். டிரம்மில் திரிந்து மிதக்கிறபோதுதான் புத்தி வரும். ஒரு தடவை பட்டால்தான் இந்த மாதிரி ஆட்களுக்கு உறைக்கும். பேனாவை மூடி, தாளை உறையில் போட்டு, வரிசையில் கடைசியாக நின்ற அக்கா ஊர் ஆளிடம் கொடுத்தனுப்பினாள். மனதுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

அதன்பிறகு அவள் அந்த வயல் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டாள். அக்கா இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, “பச்சை திரும்பற மாதிரியும் இருக்கு, திரும்பாத மாதிரியும் இருக்கு” என்றாள். டாக்டர் யூரியாவை அள்ளி வீசியிருப்பார், அந்தப் பச்சைதான் என்று புரிந்தது. “பாக்கலாம்க்கா” என்று வைத்துவிட்டாள்.

அறுவடை முடிந்து ஒரு மாதம் கழித்து ஆலையில் தரப் பரிசோதனை. பட்டியலில் இருக்கிறவர்களின் அரிசியை ஒரே அளவு தண்ணீரில், ஒரே மாதிரிப் பாத்திரத்தில் வேகவைத்து, எண் மட்டும் ஒட்டிய மூடி போட்ட கிண்ணங்களில் வைப்பார்கள். யாருடைய அரிசி எது என்று முகர்கிறவர்களுக்குத் தெரியாது. ஐந்து பேர் முகர்ந்து மதிப்பெண் போட வேண்டும். பரிசோதனை நிலையத்தின் சார்பில் மண்ணு மேடம் வருடா வருடம் போவாள்.

நடத்துகிறவர் ஆலையின் தர அதிகாரி. ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் சென்ட்டு. வாசனை பார்க்கிற வேலைக்கு, அக்குளில் இருந்து கைக்குட்டை வரை வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு வருகிற ஒரே மனிதர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். அவர் அறைக்குள் நுழைந்தால் ஒன்பது கிண்ணமும் ஒரே வாசனை அடிக்கும். ஜன்னலோரம் போய் நில்லுங்கள் என்று மண்ணு மேடம்தான் ஒவ்வொரு வருடமும் அவரை விரட்டுவாள். மற்ற மூன்று பேரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவருக்கு நிரந்தர ஜலதோஷம். ஒருவர் பக்கத்து ஆள் போடும் மதிப்பெண்ணை எட்டிப் பார்த்துப் போடுவார். மூன்றாமவர் வருவதே முடிந்தபின் கொடுக்கும் சாப்பாட்டுக்காக.

ஒன்பதில் ஒன்று அக்காவுடையது என்று அவளுக்குத் தெரியும். எது என்று தெரியாது. கிண்ணத்துக்குக் கிண்ணம் தேடிப் பார்த்து மதிப்பெண் போடுகிற புத்தி அவளுக்கு இல்லை. தன் நேர்மையில் அவளுக்குக் கர்வம் உண்டு. முதல் கிண்ணம் நன்றாக மணந்தது. மூன்றாவதைத் திறந்ததும் ஜலதோஷக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார், அப்படி ஒரு வாசனை. ஐந்தாவது சுமார்.

ஆறாவது கிண்ணத்தின் மூடியைத் தூக்கினாள். ஆவிதான் வந்தது. குனிந்து முகர்ந்தாள். வெந்த சோறு என்பதைத் தவிர ஒரு வாசனையும் இல்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினாள். நீளவில்லை, மாவாகப் போயிற்று. பக்கத்தில் தட்டில் வைத்திருந்த பச்சரிசியைப் பார்த்தாள். பாதிக்குமேல் நொய், முழு மணிகளிலும் வயிற்றில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. டாக்டர் கடை நோயாளி எவனோ, அவனுக்கு வேண்டியதுதான் என்று நினைத்தாள். வாசனைக்கு எதிரே சுழியம் போட்டாள். குறிப்பு எழுதுகிற கட்டத்தை மற்றவர்கள் காலியாக விடுவார்கள். அவள் விட மாட்டாள். ‘இதை வாசனை அரிசி என்று கொண்டுவர ஒரு துணிச்சல் வேண்டும்’ என்று எழுதினாள்.

பயிரிட்டவர்கள் வெளியே நீள பெஞ்சில் காத்திருந்தார்கள். சென்ட்டு தாள்களோடு போய் வாசலில் நின்று முடிவுகளைப் படித்தார். அந்த மனிதருக்குச் சொந்தமாகப் பேச ஒன்றும் கிடையாது. அதனால் அடுத்தவர் எழுதியதைப் படிக்கும்போது குரல் ஏறும். ஆறாம் எண்ணுக்கு வந்ததும் நிறுத்தி, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, குறிப்பை ஒரு எழுத்து விடாமல் படித்தார். பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு உறையைப் பிரித்து, ஆறாம் எண் யாருடையது என்று சொன்னார்.

அக்கா எழுந்து நின்றாள். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

ஆலை வாசலில் டாக்டர் அதற்குள் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். “ஆமாங்க, நாளைக்கே வந்து அளவெடுத்துடுங்க. லாரி உள்ள வர்ற மாதிரி கேட் வெச்சுக்கலாம்” என்று அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. கட்டிக்கொண்டவளின் பயிர் தோற்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மண்ணு மேடம் அக்காவின் கையைப் பிடித்து, எடைமேடைப் பக்கம் நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அக்கா, அது உன்னோடதுன்னு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா வாசனை வந்திருக்குமா?” என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. “நீ சொன்ன மருந்துதான்டி அடிச்சேன். லிட்டருக்கு அஞ்சு கிராம். அவர் கலந்து குடுத்தார், நானே முதுகுல மாட்டிக்கிட்டு அடிச்சேன். டிரம்முல பாத்தா பால் திரிஞ்ச மாதிரி வெள்ளையா மிதக்குது. தெளிப்பான் அடைச்சுக்கிச்சு. பழைய புடவையை நாலா மடிச்சு, பொறுமையா வடிகட்டினேன். தெளிஞ்ச தண்ணிய பயிருக்கு அடிச்சேன். வண்டலை வரப்புல கொட்டிட்டேன். மூணு தடவையும் அப்படித்தான்.”

மண்ணு மேடம் கண்ணை மூடிக்கொண்டாள். துத்தநாகம் முழுக்க அந்த வண்டலில் இருந்தது. அக்கா அவ்வளவு பொறுமையாக, ஒரு துளி சிந்தாமல், மருந்தை வடிகட்டி வரப்பில் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரைப் பயிருக்குத் தெளித்திருக்கிறாள்.

“டி.ஏ.பி.யோட கலக்கக் கூடாதுக்கா. கலந்தா திரிஞ்சுடும்.”

“இப்போ தெரியும். பக்கத்து வயல்காரிக்கு நீ சிவப்பு மையில எழுதிக் குடுத்திருந்தியே, போன வாரம் காட்டினா.” அக்கா மடியிலிருந்து தன் தாளை எடுத்தாள். நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. பின்பக்கம் திருப்பிக் காட்டினாள். வெள்ளையாக இருந்தது. “எனக்கு மட்டும் ஏன்டி எழுதல? மறந்துட்டியா?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அக்கா நம்பியிருப்பாள்.

“மறக்கல. மாமா அன்னைக்கு எல்லார் எதிர்லயும் அப்படிப் பேசினார். எழுதினாலும் கேக்கவா போறார்னு விட்டுட்டேன்.”

“இந்தத் தாள் அவர் பேர்லயா இருக்கு?”

பெயர் இருந்த இடத்தில் அக்காவின் விரல் நின்றது. இந்தத் தாளை அச்சுக்கு அனுப்பியதும் மண்ணு மேடம்தான். அந்தப் பெயரைத் தட்டியதும் அவள் விரல்தான்.

“அவர் ஒண்ணும் தெரியாத ஆளுன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சியா?” என்றாள் அக்கா. “கூட இருக்கற எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாத் தெரியும். கடை அவர் கையில இருந்தும், ரெண்டு பஸ் மாறி உன்கிட்ட ஏன்டி மண்ணைத் தூக்கிக்கிட்டு வந்தேன்?”

வாசலில் டாக்டர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். அக்கா தாளை மடித்து வைத்துக்கொண்டு அவர் பக்கம் நடந்தாள்.

மண்ணு மேடம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் தயாராக இருந்ததெல்லாம் மாமாவைத் திட்டுகிற வார்த்தைகள்தான்.